உறுதி ஓட்டம்

பெரிய சத்தத்துக்குப் பிறகு வந்த சின்னச் சத்தம் அது. பெரியதை அன்று அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், ஒன்பது வருடமாக அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சுலோசனாவின் காதில் தங்கிப்போனது சின்னதுதான். கை தவறி விழுந்த எவர்சில்வர் தட்டு சுற்றிச் சுற்றி, சாயச் சாய வேகமெடுத்து, கடைசியில் தரையோடு தரையாகப் படிந்து சட்டென்று ஓயுமே, அந்தச் சத்தம். ஆனால் அங்கே சமையலறையும் இல்லை, தட்டும் இல்லை. போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், மாசி மாதத்துப் பதினொரு மணி வெயில். சுற்றியது தரணிபதியின் காரில், காற்று உள்ளே புகாமலிருக்கப் பின்சக்கரத்தின் மேல் மாட்டியிருந்த அலுமினிய மூடி. கார் எங்கேயோ கிடக்க, அது மட்டும் தனியாகக் கழன்று உருண்டு வந்து, அவள் உட்கார்ந்திருந்த நேரக் கூண்டுக்கு முன்னால் தார்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு புள்ளி மூன்று நொடி. அதை அவள் அளந்திருந்தாள். அளக்க வேண்டுமென்று நினைக்கவில்லை. கட்டைவிரல் தானாக ஸ்டாப்வாட்சை அழுத்தி, மூடி ஓய்ந்ததும் தானாகத் திரும்ப அழுத்திவிட்டது. நாற்பது வருடத்துக் கட்டைவிரல். அந்த எண்ணை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அந்த மாதமே வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் பீங்கானுக்கு மாறினாள். பீங்கான் விழுந்தால் உடையும், அதோடு முடிந்தது. சுற்றாது.

இப்போது மணி பதினொன்று நாற்பது. பீளமேட்டு வீட்டின் சாப்பாட்டு மேசை, அடுப்பில் குக்கர், முதல் விசில் இன்னும் வரவில்லை. மேசைமேல் வரதராஜுலு அனுப்பிய படிவம்: இருபத்திரண்டு வரிசை, மூன்று பத்தி. இடது பத்தியில் என்ன விஷயம் என்பது, நடுவில் கூட்டமைப்பு, வலதில் பேரவை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் கார்களை நானூற்றிரண்டு மீட்டர் நேர்க்கோட்டில் இரண்டிரண்டாக விரட்டுகிற பந்தயம். பையன்கள் டிராக் ரேஸ் என்பார்கள். பதினெட்டு வருடமாக அதைச் சென்னையில் ஒரு கூட்டமைப்பும் கோயம்புத்தூரில் ஒரு பேரவையும் தனித்தனித் தொடராக நடத்தி, இவர்கள் எழுதிய சாதனையை அவர்கள் ஒப்புக்கொள்ளாமல், அவர்கள் ஓட்டிய ஆளை இவர்கள் சேர்த்துக்கொள்ளாமல், ஒரே குடும்பத்தில் பேச்சு வார்த்தை நின்றுபோன இரண்டு வீடுகளைப் போல இருந்துவிட்டு, இப்போது ஒன்று சேர்கிறார்கள். சேருவதற்கு முன்னால் யாருடைய விதி என்னவாக இருந்தது என்று யாராவது ஒப்பிட்டு எழுத வேண்டும். இரண்டு பக்கமும் நேரக்காப்பாளராக உட்கார்ந்த ஒரே ஆள் சுலோசனா. பெண்கள் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவள், அறுபத்தொன்பது வயது, கை இன்னும் நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்பதைத் தினம் காலையில் காப்பித் தம்ளரைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்வாள். இரண்டு முறை பார்ப்பாள். ஒரு தடவை எடுத்த அளவு அளவே இல்லை என்று முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதியவள்.

முதல் பதிமூன்று வரிசையும் எளிதாகப் போய்விட்டன. வகுப்புகள்: கூட்டமைப்பு எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்கும், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருந்தால் ஒன்று புள்ளி ஏழால் பெருக்கும். பேரவை கார் பிறந்த ஊரைப் பார்க்கும்: ஜப்பான், ஜெர்மனி, மற்றவை. கொரியாவிலிருந்து ஒரு கார் வந்தபோது, பக்கத்து ஊர்தானே என்று ஜப்பானில் சேர்த்துக்கொண்டார்கள். தலைக்கவசம்: கூட்டமைப்பு அதன் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் ஆண்டைப் படிக்கும், பேரவை தலைமேல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். அவள் சிரிக்காமல் எழுதினாள். கிண்டல் மாதிரி இருந்தாலும் உண்மை. கூட்டமைப்பின் ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மழைத்துளி ஒன்று விழுந்தாலும் கையைத் தூக்கிப் பந்தயத்தை நிறுத்திவிட்டுக் குடைக்கடியில் நின்று ஒருவருக்கொருவர் ஆங்கிலம் பேசிக்கொள்வார்கள். பேரவையில் பந்தல், ஒலிபெருக்கி, ஆள் உயரக் கோப்பை, பிரியாணி. அவளுக்கு இரண்டு பேர்மேலும் மரியாதை இல்லை. கூட்டமைப்பு பயத்தை ஒழுக்கம் என்றது, பேரவை அசட்டுத்தனத்தை வீரம் என்றது, நடுவில் ஓர் எண் மட்டும் சுத்தமாக இருந்தது, அந்த எண் அவளுடையது. ஏழாவது வரிசை, ஆம்புலன்ஸ். கூட்டமைப்பு: இரண்டு நிற்க வேண்டும், ஒன்று கிளம்பினால் அது திரும்பும்வரை பந்தயம் நிற்கும். பேரவை: ஒன்று. அது கிளம்பினால்? அதற்கு விதி இல்லை. விதி இல்லை என்று எழுதினாள். எழுதிய பிறகு பேனா ஒரு கணம் அங்கேயே நின்றது. அன்று தரணிபதியை ஏற்றிக்கொண்டு அது கிளம்பிப் போய் அரை மணி நேரத்தில் தாரில் மண்ணைக் கொட்டிப் பெருக்கிவிட்டு அடுத்த இரண்டு கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பச்சை விளக்கைப் போட்டது அவள்தான். நேரங்களைப் படித்ததும் அவள்தான். குரல் பிசிறவில்லை என்று பிறகு இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள்.

பதினான்காவது வரிசை. சாதனைக்கு உறுதி ஓட்டம் கட்டாயமா? உண்டு அல்லது இல்லை, ஒரு சொல் போதும். கூட்டமைப்பு: உண்டு. சாதனை நேரம் எடுத்த கார் அதே நாளில் இன்னொரு முறை ஓட வேண்டும், இரண்டு நேரத்துக்கும் இடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, இரண்டாவது ஓட்டம் முடிந்து கார் தன் சக்கரத்தில் தானே வந்து எடை மேடையில் ஏற வேண்டும். நல்ல விதி. உலகத்திலேயே அவள் மனதார நம்புகிற சில விஷயங்களில் ஒன்று. பேரவை? வலது கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. பேரவையின் கைப்புத்தகம் அவள் இடது கையடியில் இருக்கிறது, பின் அடித்த எட்டே பக்கம், அட்டையில் சிறுத்தை. அதில் உறுதி ஓட்டம் என்ற பேச்சே கிடையாது. ஒரு முறை ஓடினால் போதும். திறந்து பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் காலையிலிருந்து நான்கு முறை பார்த்தாயிற்று, ஒவ்வொரு முறையும் அங்கே அது இல்லை. புத்தகத்துக்கு அடியில் ஒரு கடிதம். தரணிபதியின் அண்ணன் நாச்சிமுத்து எழுதியது. நாச்சிமுத்து லாரி எடை மேடை, பல்லடம் சாலை என்று தலைப்பில் அச்சடித்த தாள். ‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரே சாதனைப் புத்தகம் போடப்போவதாக அறிந்தோம். பேரவையில் ஒரு ஓட்டம் போதும் என்று விதி இருந்திருந்தால் தம்பியின் முதல் ஓட்டம் அதில் முதல் பேராக வருமாம். தம்பிக்கு அந்த நாள் நினைவில் இல்லை. காலையில் இட்லி தின்றதுவரை சொல்கிறான், அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். விதி எப்படி இருந்ததோ அப்படியே எழுதிக் கொடுங்கள். மேடத்திடம் கேளு, அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவன்தான் சொன்னான்.’ நல்ல கையெழுத்து. சுழிகளெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறார். இல்லை என்று எழுதினால் பத்து புள்ளி நாலு ஒன்று இரண்டு என்ற நேரத்துக்கு எதிரே தரணிபதி என்ற பெயர் அச்சில் ஏறும். ஏறினால், ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஓர் ஓட்டத்துக்கு அவனை யார் அனுப்பினார்கள் என்று அன்றைக்கே எல்லோரும் கேட்பார்கள். உண்டு என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குக்கர் முதல் விசில் அடித்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. டர்போக் காரில் கியர் மாற்றும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடைபட்ட காற்று இப்படித்தான் சீறி வெளியேறும். பக்கத்தில் நின்றால் கன்னத்தில் சூடாக விழும்.

பழக்கம். அவனை மறுபடி ஓடச் சொன்னதற்கு அதுதான் காரணம், வேறென்ன. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் சென்னையில் கூட்டமைப்பின் போட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், அந்த விதி வாயில் இருந்தது, வாயில் இருந்தது வந்துவிட்டது. வீட்டை மாற்றியவர்கள் பழைய தெருவில் திரும்பிவிடுவதில்லையா? விபத்துக்குப் பிறகு பேரவை போட்ட விசாரணைக் குழுவிலும் யாரும் சந்தேகப்படவில்லை. விதிப்படி நடந்த ஓட்டம் என்று எழுதி மூடினார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தங்கள் கைப்புத்தகத்தைப் படித்ததில்லை என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். படிக்கிற ஆட்களா அவர்கள். கல்லூரியில் ஒரு பெண் இருந்தாள், ஊசல் சோதனையில் இருபது அலைவு எண்ணச் சொன்னால் பத்தொன்பதில் நிறுத்திவிட்டாள், கடைசி பஸ் போய்விடும் மேடம் என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி எண்ணு என்றாள் சுலோசனா. எண்ணினாள். பஸ் போயிற்று. எட்டு கிலோமீட்டர் நடந்தாளாம். அந்தப் பெண் இன்று எங்கேயோ பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள், உங்களால்தான் மேடம் என்கிறாள். அப்படியும் ஆகும். மறுபடி செய் என்று சொல்வது கொடுமையா? ஒரு முறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம், நேரம் எடுக்கிற எல்லைக் கம்பத்தின் ஒளிக்கதிரில் ஒரு தும்பி குறுக்கே போயிருக்கலாம். திரும்பவும் நடந்தால்தான் நடந்தது. அவள் கணவர் அவளைப் பார்த்து அழகு என்று சொன்னது ஒரே ஒரு முறை, கல்யாணமான வருடம், கொடைக்கானலில், அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தபோது. அதை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அவர் சிரிப்பைச் சேர்த்திருக்கிறாள். அது நிறைய முறை நடந்தது. விபத்துக்கு முந்தைய வருடம், பரிசளிப்பு விழா, பந்தலுக்குள் முந்நூறு பேர். இறக்குமதிக் கார் வகுப்பில் இரண்டாவது பரிசு வாங்க மேடை ஏறிய தரணிபதி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பேசச் சொன்னால் பேசாமல், மூக்கை லேசாக உறிஞ்சி, கண்ணாடியை ஏற்றிவிடுவது போல் விரலை வைத்து, ‘பதினொண்ணு... புள்ளீ... சுழி... எட்டு... ஆறூ’ என்றான். அவள் குரல். அச்சு அசல். நேரம் படிக்கும்போது புள்ளியை இழுத்துக் கடைசி எண்ணைத் தூக்கிப் போடுவாள், அதில் ஒரு சந்தம் இருப்பது அவளுக்குத் தெரியும், இளவயதில் வெண்பா எழுதிப் பார்த்தவள், ஈற்றடி எப்படி முடிய வேண்டுமென்று காதுக்குத் தெரியும், எண்களைக்கூட அப்படி முடித்தாள். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த அந்த ஒன்றை அவன் மேடையில் அவிழ்த்து விரித்தான். பந்தல் அதிர்ந்தது. ‘இன்னொருக்கா, இன்னொருக்கா’ என்று கத்தினார்கள். அவன் இன்னொரு முறையும் செய்தான், அதுவும் அப்படியே இருந்தது, ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. முன்வரிசையில் அவள் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து கைக்குட்டையைத் தேடினார். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தது அவள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் சோறு போட்டால் ‘ரெண்டு... புள்ளீ... கரண்டி’ என்பார். மார்கழியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ் வெப்பமானியை எடுத்ததும், ‘இருங்க சிஸ்டர், எங்கூட்டம்மா படிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு அந்தக் குரலில் தானே படித்தார். நர்ஸ் சிரித்தாள். அவர் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அதுதான். அவளுடைய குரலில், தரணிபதியிடமிருந்து வாங்கியது. அவர் போய் இரண்டாவது மாதம், அந்த ஓட்டம் நடந்த மாசி.

கைபேசி அடித்தது. வரதராஜுலு. பேரவையின் செயலாளர், பம்புசெட் கம்பெனிக்காரர், எதற்கும் பதறாதவர். “ஏனுங்க சுலோசனாம்மா, ஆச்சுங்களா?” என்றார். “பதிமூணு ஆச்சு.” “அட, பதினாலுதானுங்க வேணும். மீதிய எவன் படிக்கப் போறான்? அந்த நாச்சிமுத்து காலைல இருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டாப்ல. சென்னைக்காரங்க ஒரு மணிக்கு அச்சுக்குக் குடுக்கறாங்களாமா.” கைப்புத்தகம் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றாள். “கைப்புத்தகமா? எங்கூட்ல இருந்தத கரையான் தின்னு ஏப்பம் விட்ருச்சு. யாருகிட்டயும் இல்லீங்க. நீங்க சொல்றதுதான் விதி” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு மைக்குல நீங்கதான சொன்னீங்க, விதிப்படி இன்னொரு ஓட்டம்னு. பந்தல்ல தோசை தின்னுட்டு இருந்தேன், இந்தக் காதால கேட்டேன். அப்ப உண்டுன்னுதான வருது? இல்லைன்னு வந்தா, அப்புறம் எதுக்கு அனுப்பிச்சோம்னு ஆயிருமுங்க.” அனுப்பிச்சோம். நல்ல மனுஷன், தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். “எழுதி போட்டோ புடிச்சு அனுப்பிருங்க. வெளிச்சத்துல புடிங்க. போன தடவ உங்க வெரலுதான் முழுசா வந்துச்சு, விதிய காணோம்.” வைத்துவிட்டார். அப்படியானால் அவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் தோசையைச் சொன்னாரா? இல்லை, தெரியாது, தெரிகிற அளவுக்கு எதையும் உற்றுப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் தோசையை ஏன் சொன்னார். இரண்டாவது விசில்.

பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பழக்கம்தான். முதல் ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில் கார் நேரக் கூண்டின் ஜன்னலோரம் வந்து நின்றது, எல்லாக் கார்களும் நிற்கிற இடம், நேரச் சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். வெள்ளை நிற ஜப்பான் கார், இரண்டு கதவு, முகப்பு மூடியைச் சுற்றிச் சூட்டில் காற்று நெளிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றினான். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. “மேடமுங்க, எவ்வளவுங்க?” “பத்து புள்ளி நாலு ஒண்ணு ரெண்டு.” இழுக்காமல் சொன்னாள். அந்த வருடம் முழுக்க அவள் எதையும் இழுத்துச் சொல்லவில்லை. அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. பத்தரைக்குக் கீழே அதுவரை யாரும் வந்ததில்லை. “எழுதிட்டீங்களா?” “உறுதி ஓட்டம் ஓட்டிட்டு வா. ஒரு சதவீதத்துக்குள்ள வரணும்.” சரி, இதுவரை பழக்கம். வாயில் இருந்தது வந்தது. இங்கேயே முடிந்திருந்தால் பழக்கம் என்று சொல்லிக்கொண்டு சாகலாம். ஆனால் அவன் கேட்டான். “நம்ம பேரவைலயும் அது இருக்குங்களா?” சாதாரணமாகத்தான் கேட்டான், தெரியாமல்தான் கேட்டான். அந்த நொடியில் அவள் தலைக்குள் கைப்புத்தகத்தின் எட்டுப் பக்கமும் ஒவ்வொன்றாகப் புரண்டன, ஆறாம் பக்கத்தில் சாதனைகள் என்ற தலைப்பு, அதன் கீழே மூன்றே வரி. அவள் படித்தவள். அவள் மட்டும்தான் படித்தவள். “இருக்கு” என்றாள்.

ஒன்பது வருடமாக மற்றதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் இந்த ஒரு சொல்லை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள், தெருவில் செத்துக் கிடக்கிற பூனையைத் தாண்டுவது போல, பார்க்காமல், ஆனால் கால் வைக்காமல். இருக்கு. மைக்கில் அறிவித்தது அதற்குப் பிறகு. மைக்கில் சொன்னது தப்பை மூடுகிற சொல். தப்பு ஜன்னலில் நடந்தது. அதுவாவது போகட்டும். அவன் காரை எடுக்கவில்லை. “வலது முன்சக்கரம் முனகுதுங்க மேடம். பேரிங்கு போகப் போகுதாட்டம் இருக்குது. மாத்தறதுக்கு இன்னிக்கு ஆகாது. இதோட நிறுத்திக்கலாம்னு பாத்தேன்.” முனகுது. அவளும் கேட்டிருந்தாள். கார் ஜன்னலை நோக்கி மெதுவாக உருண்டு வந்தபோதே கேட்டாள், உலர்ந்த தொண்டையிலிருந்து வருவது போல, சுற்றுக்கு ஒரு முனகல். சத்தங்களில் அவள் காது தப்பியதில்லை. வண்டிப் பரிசோதகரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் எளிது, பேனாவை எடுத்து எழுதியிருக்கலாம், பத்து, புள்ளி. “நிறுத்திக்கோ. அப்ப இது வெறும் காத்து” என்றாள். அவன் ஒரு கணம் பார்த்தான். பிறகு பல் தெரிய, கோபமே இல்லாமல், மூக்கை உறிஞ்சி, விரலால் இல்லாத கண்ணாடியை ஏற்றி, “வெறுங்... காத்தூ” என்றான். அவள் குரலில். கூண்டுக்குள் இருந்த அச்சுக் கருவியின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாருமில்லை. கூண்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். அது எப்படி? ஆனால் கேட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. “சரிங் மேடம், உங்களுக்காக ஒண்ணு” என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனான்.

உங்களுக்காக ஒன்று. எல்லையை அவன் தாண்டினான், அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. கம்பத்தின் ஒளிக்கதிர் அறுந்தது, கருவி சீட்டை அச்சடித்துத் துப்பியது, அவள் கையில் சீட்டு இளஞ்சூடாக இருக்கும்போதுதான் எல்லைக்கு அப்பால், வேகத்தைக் குறைக்கிற இடத்தில், கார் வலது பக்கம் தலையைக் குனிந்தது. பத்து புள்ளி மூன்று எட்டு எட்டு. முதலைவிட வேகம். முனகிக்கொண்டே ஓடி, முதலைவிட வேகமாக ஓடியிருக்கிறான். ஒரு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அவள் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டான். விசாரணையில் வரதராஜுலு, “அப்ப சாதனைதானுங்களே?” என்று கேட்டபோது அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கார் தன் சக்கரத்துல எடை மேடைக்கு வரணும். வரல. வராத வண்டிக்கு நேரம் கிடையாது.” அறையில் ஒருவர் நாக்கால் ச்சொ என்றார். இன்னொருவர், விதி விதிதான் என்றார். காரின் முன்பாதியில் மிஞ்சியது ஒரு சாக்கில் இருந்தது. வராத வண்டி என்ற அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இல்லை, தெரியும். சீட்டைக் கொடுத்திருந்தால் அவன் பெயர் நிற்கும், பெயர் நின்றால் அந்தக் குரலும் நிற்கும், எங்கே எந்தப் பந்தலில் அந்தச் சாதனையைப் பற்றிப் பேசினாலும் எவனாவது ஒருவன் மூக்கை உறிஞ்சி அந்த எண்ணை இழுப்பான். பத்தூ புள்ளீ. இப்போது யாரும் இழுப்பதில்லை. ஒன்பது வருடமாக ஒருவரும் அவளைப் போல் பேசிக் காட்டவில்லை. பாவம் பார்த்தோ பயந்தோ விட்டுவிட்டார்கள். அந்த நிம்மதி எவ்வளவு என்று அவளுக்கு அளக்கத் தெரியும். ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள், பழம் வாங்கிக்கொண்டு. அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், அவளை அடையாளம் தெரியவில்லை. வாயோரம் எச்சில். அவளுக்கு அப்போது அழுகை வர வேண்டும். வந்தது என்னவென்றால், இனி இந்த வாய் அதைச் செய்யாது என்பது. அதை நினைத்தாள், முழு வாக்கியமாக நினைத்தாள், பிறகு பழத்தை வைத்துவிட்டு வந்தாள். ஆனால் வாய் திரும்பிவிட்டது. பேசுகிறானாம். மேடத்திடம் கேளு என்கிறானாம். எந்தக் குரலில் சொன்னான் என்று நாச்சிமுத்து எழுதவில்லை.

மூன்றாவது விசில். அடுப்பை அணைத்தாள். குக்கரைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், மேசையில் வைக்க மரப்பலகை இல்லை, காலையில் கழுவி வெயிலில் வைத்தது. பேரவையின் கைப்புத்தகத்தை நகர்த்தி அதன்மேல் குக்கரை வைத்தாள். சிறுத்தை முகத்தின்மேல். பொசுங்கிய அட்டையின் வாசனை வந்தது, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்புத்தாளின் வாசனை. வைத்தது வைத்ததாக இருக்கட்டும். ஒருவேளை எழுதினால்தான் என்ன. இல்லை என்று மூன்று எழுத்து. வரதராஜுலு பதறுவார், பதறிப் பார்க்காத மனுஷன் ஒரு முறை பதறட்டும். நாச்சிமுத்து வீட்டில் புத்தகத்தை வாங்கி அவன் மடியில் விரித்து வைப்பார்கள், அவன் விரலை வைத்துப் படிப்பான், பத்து, புள்ளி, நாலு. எப்படிப் படிப்பான்? அவள் காது தானாகக் கூர்ந்தது. ஒன்பது வருடத்துக்கு அப்பால், பதினைந்து மைலுக்கு அப்பால், இன்னும் படிக்காத ஒரு படிப்பை அவளால் கேட்க முடிந்தது. இழுத்தான். நிச்சயமாக இழுத்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். கையைப் பார்த்தாள், நடுங்கவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். வலது கட்டத்தில், கட்டத்தின் கோட்டைத் தொடாமல், சுழியை ஒழுங்காக மூடி, உண்டு என்று எழுதினாள். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்தாள். விரல் வரவில்லை. அனுப்பிய மறு நிமிடம் வரதராஜுலுவிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. குக்கரைத் திறந்து பீங்கானில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். கைப்புத்தகத்தின் அட்டையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. ரசம் ஆறிப்போயிருந்தது, சுடவைக்கவில்லை, அப்படியே ஊற்றிக்கொண்டாள்.

தரணிபதிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பல்லடம் சாலையில் அண்ணனின் எடை மேடையில், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு லாரியையும் காலியாக ஒரு முறையும் பாரத்தோடு ஒரு முறையும் நிறுத்துச் சீட்டு கொடுக்கிறான்.